மலைத்தேனீக்கு ஐந்தாம் மாடி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களுடையதைப் பேச எனக்கும் ஓர் உரிமை வந்துவிடும்.

தேன்கூடு எடுக்க முதன்முதலாகப் போன அன்று, வெறும் வயிற்றோடு ஏணி ஏறினால் தலை சுற்றும் என்று பெங்களூர் அல்சூர் மார்க்கெட்டில் ஏலக்கி வாழைப்பழம் வாங்கி வயிறு நிறையத் தின்றேன். தெருவில் குப்பை போடக் கூடாது என்கிற நல்ல புத்தி வேறு எனக்கு உண்டு. தோலையெல்லாம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

தேனீ கொட்டினால் கொட்டிய இடத்தில் ஒரு வாசனையை விட்டுவிட்டுப் போகும். மற்ற தேனீக்களுக்கு அது, எதிரி இங்கே இருக்கிறான், எல்லோரும் வாருங்கள் என்று அறிவிக்கிற மாதிரி. அந்த வாசனை ஏறத்தாழ பழுத்த வாழைப்பழ வாசனை. இது எனக்குத் தெரியாது, தேனீக்களுக்குத் தெரிந்திருந்தது. ஏறியதைவிட வேகமாக இறங்கினேன். அன்று சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்த என் மனைவி, யாரு வேணும் என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

இந்தக் கதையைப் புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்குச் சொல்லத்தான் போன மாதம் என்னைக் கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனி. நான் இருந்த காலம் முழுக்க வாசலில் செத்த கரப்பான் படம் மல்லாந்து கிடந்தது. இப்போது அதை எடுத்துவிட்டுப் பூவில் உட்கார்ந்த தேனீ படம் போட்டிருக்கிறார்கள். "கொல்வதில்லை, இடம் மாற்றுகிறோம்" என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. எங்கே மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். புகை போட்டு விரட்டுவார்களாம். அது பக்கத்து அபார்ட்மெண்டில் போய் உட்காருமாம். அவர்களும் இதே கம்பெனிக்குத்தான் போன் செய்வார்களாம். விலை மட்டும் இரண்டு மடங்கு. கொல்வதைவிடக் கொல்லாமல் இருப்பதற்கு அதிகம் வாங்கலாம் என்று எங்கள் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அறிவு வளர்ந்துதான் இருக்கிறது.

நான் பிறந்தது அல்சூர். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் ஒரே மாதிரி முடிவைப் பெற்றேன். மாமா ஒருவர் இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். ஓட்டு வீடுகள் இருந்த காலத்தில் பெருச்சாளியும் கரையானும் பிடித்தேன். மூன்று மாடிகள் எழும்பியதும் ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் புறா வந்தது, வலை கட்டினேன். பதினாலு மாடிகள் எழும்பியதும் மலைத்தேனீ வந்தது. ஊர் உயர உயர நானும் உயர்ந்தேன், சம்பளத்தில் தவிர.

மலைத்தேனீ என்பது பெட்டியில் வைத்து வளர்க்கிற சின்னத் தேனீ அல்ல. செங்குத்தான பாறையின் முகட்டுக்கு அடியில், பெரிய முறம் அளவுக்கு ஒரே ஓர் அடையைத் தொங்கவிட்டு, அதன் மேல் தானே போர்வையாகப் படர்ந்து கிடக்கும். கோபம் வந்தால் தெருமுனை வரை துரத்தும். ஊருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் அப்படிப் பாறைகள் நிறைய இருந்தன. அவற்றை உடைத்து ஜல்லியாக்கினோம். ஜல்லியைக் கொண்டுவந்து பதினாலு மாடியாக நிறுத்தி, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு சன்ஷேடு வைத்தோம். கீழே பூக்கிற மரம் நட்டோம், நீச்சல் குளத்தில் தண்ணீர் நிரப்பினோம். தேனீ வந்து பார்த்தது. அதே கல், அதே உயரம், அடியில் நிழல், பக்கத்தில் பூ, குடிக்கத் தண்ணீர். உட்கார்ந்துகொண்டது. உடனே நாம், ஐயோ காட்டு ஜந்து வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அலறினோம்.

என்னுடைய சூப்பர்வைசர் நஞ்சுண்டப்பா. விஷத்தை விழுங்கிய சாமியின் பெயர். இவர் விழுங்கவில்லை, எங்களுக்கு மூக்குமூடி வாங்கித் தராமல் எங்களை விழுங்க வைத்தார். குரலை உயர்த்தவே மாட்டார். எல்லோரையும் ராஜா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டால் ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம். கொல்வது என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. "செட்டில் பண்ணிடு" என்பார். இத்தனை வருடத்தில் ஒரு தேன்கூட்டையாவது அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் கட்டடத்தின் லாபியைப் பார்ப்பார். தரை கிரானைட்டா, இத்தாலி மார்பிளா, சோபா தோலா, துணியா. அதை வைத்து ரேட் சொல்வார். கூடு எத்தனை என்பது அவருக்கு ஒரு சின்ன விவரம்.

வேலை செய்யும் முறை இதுதான். பகலில் போய்க் கூடு எந்தத் திசையைப் பார்க்கிறது, காற்று எந்தப் பக்கம், கீழே யார் நடமாடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். மருந்தைப் பகலில் தொடவே கூடாது. பாதித் தேனீ அப்போது வெளியே பூவுக்குப் போயிருக்கும். அடித்தால் வீட்டிலிருந்தது அரைகுறையாகச் செத்துக் கீழே விழுந்து ஊரும். வெளியே போனது திரும்பிவந்து வீட்டைக் காணாமல் கண்ணில் பட்டவனைக் கொட்டும். அதனால் விளக்கு வைக்கிற நேரம் தாண்டி, கடைசித் தேனீயும் வந்து சேர்ந்த பிறகு, டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு போவோம். சிவப்பு அதற்குத் தெரியாது. கால்சட்டையை சாக்ஸுக்குள் செருகி, மணிக்கட்டில் டேப் சுற்றி, நீளக் குழாயை அடையின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும். விடிந்ததும் கூட்டி மூட்டை கட்ட வேண்டும். அடையை அறுக்க வேண்டும்.

இங்கேதான் நஞ்சுண்டப்பாவின் தனி உத்தரவு ஒன்று உண்டு. அடையை அறுத்தாலும் சிமெண்டில் மெழுகுத் தழும்பு ஒன்று ஒட்டியிருக்கும். தேனீ வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் நான் அதைப் பொறுப்பாகச் சுரண்டப் போனேன். கீழேயிருந்தே, நிமிராமலே, எப்படியோ தெரிந்துகொண்டார்.

"ராஜா, அத மட்டும் முட்டபேடா. அது நம்ம வருஷ காண்ட்ராக்ட்."

தொடாதே என்கிறார். மெழுகு வாசனையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வருடமும் கூட்டம் அதே இடத்துக்கு வருமாம். அதை அடிக்க நாங்களும் வருவோம். என் கைராசி சரியில்லை, அதனால்தான் நான் அடித்த இடத்திலெல்லாம் திரும்பி வருகிறது என்று அதுவரை நினைத்து, செவ்வாய்க்கிழமை தோறும் கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன் நான்.

இனி, என்னை எட்டு வருடமாகக் கனவிலும் துரத்துகிற அந்த ஒரு வேலைக்கு வருகிறேன்.

ஆனேக்கல் போகிற வழியில் ஓர் அபார்ட்மெண்ட். காட்டின் பெயரை வைத்திருந்தார்கள், மரங்களை வெட்டிய பிறகு. விற்பனைப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குக் குருவி, ஒரு பக்கத்துக்குப் பட்டாம்பூச்சி, கடைசிப் பக்கத்தில் தேனீ. இயற்கையோடு வாழுங்கள் என்று போட்டிருந்தது. தேனீ அதைப் படித்து நம்பிவிட்டது போலிருக்கிறது. முன்பக்க ஐந்தாம் மாடி சன்ஷேடுக்கு அடியில் பெரிதாக ஒரு கூடு. அதற்கு நேர் கீழே வாட்ச்மேன் பெட்டி. அலுமினியத் தகடு, ஒரு நாற்காலி, கதவில்லாத வாசல்.

அந்த நாற்காலியில் இருந்தவன் கோவிந்தன். தளிப் பக்கத்துக்காரன், நாற்பது வயது இருக்கும். நான் பார்க்கப் போனபோது அவன் கண் இரண்டும் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. முந்தின வாரம் மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் கூட்டை டென்னிஸ் பந்தால் அடித்துப் பார்த்திருக்கிறார். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கோவிந்தனுக்குச் சாத்த ஒன்றுமில்லை. மூச்சு அடைத்து, தண்ணீர் கேன் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தான். இன்னொரு முறை இப்படிக் கொட்டினால் வந்து சேர நேரம் இருக்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்புறம் ஏன்டா இங்கேயே உட்கார்ந்திருக்கே என்றேன்.

"லீவு போட்டா ஏஜென்சி வேற ஆள அனுப்பிடுவாங்கண்ணா. ஜெனரேட்டர் பின்னாடி ரூமு குடுத்திருக்காங்க, நானும் வீட்டுக்காரியும் இருக்கோம். வேலை போனா ரூமும் போயிடும்." சொல்லிவிட்டு மேலே காட்டினான். "அதுங்களுக்கு மட்டும் யாரும் வாடகை கேக்கல பாருங்க."

சங்கத்தின் செக்ரட்டரி என்னை லாபிக்கு அழைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் தோட்டத்தில் பட்டாம்பூச்சிப் பூங்கா திறப்பு விழா. பெரிய மனிதர் ஒருவர் வந்து இயற்கையைப் பற்றிப் பேசப் போகிறார். அதற்குள் தேனீ இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடிக்கலாமா என்றால் ஒத்திகை. வியாழக்கிழமை ஒருவர் வீட்டில் பிறந்தநாள். ஆகவே சனிக்கிழமை நடுப்பகலில் முடித்துவிட வேண்டும். பட்டாம்பூச்சிக்கு மருந்து வாடை ஆகுமா என்று அவர் மிகுந்த அக்கறையோடு கேட்டார். ஆறு கால் உள்ளதில் எது அழகு என்று பார்த்துத்தான் இந்த ஊரில் இரக்கம் பிறக்கிறது.

நடுப்பகலில் அடித்தால் என்ன ஆகும் என்று விளக்கினேன். சரி, கட்டாயம் அப்போதுதான் என்றால், அன்றைக்கு மட்டுமாவது கோவிந்தனை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றேன். விழா நாளில் முன்வாசலில் ஆள் இல்லாமல் எப்படி, வருகிறவர்களுக்கு சல்யூட் அடிக்க வேண்டாமா என்றார். அவன் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளட்டும் என்றார். அந்தப் பெட்டிக்குக் கதவு இல்லை என்பதை அந்தப் பெட்டியைத் தினமும் கடந்துபோகிற அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

நஞ்சுண்டப்பாவிடம் போய் நின்றேன். அந்த லாபி இத்தாலி மார்பிள். வருட ஒப்பந்தம் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் நகத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"நம்ம வேலை மேல, ராஜா. கீழ இருக்கறது அவங்க வேலை."

இப்போது வீரமாகக் கதை சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்தது வேலை போய்விடுமோ என்ற பயம்தான். ஓய்வுக்கு மிச்சம் இருந்தது கொஞ்ச காலம். மகள் கல்யாணம் பாக்கி. முடியாது என்று சொன்னால் வேறொருவன் வந்து அடித்துவிட்டுப் போவான், கோவிந்தனுக்கு நடப்பது நடக்கத்தான் செய்யும். எனவே வேலையை மறுக்கவில்லை. கம்பெனி விதிப்படி குடியிருப்போருக்கு முன்னறிவிப்புச் செய்ய வேண்டும் என்று ஒன்று உண்டு, யாரும் செய்வதில்லை. நான் செய்தேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உண்மையைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

லிஃப்டில் ஓர் அம்மா, கூடவே ஒரு கருப்பு லாப்ரடார் நாய். பெயர் ப்ரூனோ. மேடம், நாளை மறுநாள் நடுப்பகலில் தேனீக்கு மருந்து அடிக்கிறோம், ஜன்னலெல்லாம் சாத்திவிடுங்கள், வீட்டை இழந்த தேனீ பால்கனி வழியாக உள்ளே வரும், துணி காயப் போடாதீர்கள், சாயங்காலம் வரை விளக்கு போடாதீர்கள், வெளிச்சத்துக்கு வரும், யாரும் நீச்சல் குளத்துக்குப் போக வேண்டாம், முக்கியமாக வாழைப்பழம் சாப்பிட வேண்டாம் என்றேன். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"ப்ரூனோவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

கருப்பு நிறம், மயிர், நாயின் மூச்சு, இந்த மூன்றையும் கண்டால் மலைத்தேனீக்கு ஆகாது. ப்ரூனோவுக்கு மூன்றும் இருந்தன. அதையும் சொன்னேன். லிஃப்ட் கீழே வருவதற்குள் அவர்களுடைய வாட்ஸ்அப் குழு தீப்பிடித்துவிட்டது.

சாயங்காலம் லாபியில் பெரிய கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் துணி காயப்போடும் உரிமையைப் பற்றிப் பேசினார். ஒருவர் ஏ.சி. இல்லாமல் வீட்டுக்குள் அடைந்திருக்க முடியாது என்றார். ப்ரூனோவை கோரமங்களாவில் சித்தி வீட்டுக்குக் காரில் அனுப்பியாகிவிட்டது. மற்ற நாய்களும் புறப்படத் தயாராக இருந்தன. இத்தனை பேச்சிலும் கோவிந்தன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அவன் அங்கேதான் இருந்தான். உள்ளே வருகிறவர்களுக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான்.

வேறு வழியே இல்லையா என்று யாரோ என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். ஒன்றும் செய்யாதீர்கள். முதல் மழை விழுந்தால் அதுவே கிளம்பிவிடும், செலவும் இல்லை. முன்வாசலை மட்டும் மூடிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்வாருங்கள். சும்மா இருப்பதற்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஒத்துக்கொண்டார்கள். விழாவைக் கிளப் ஹவுஸுக்கு மாற்றினார்கள். மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரில் பெரிய தேனீ ஒன்று சிரித்துக்கொண்டிருந்ததாம்.

கோவிந்தனின் பெட்டியையும் பின்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் உயிருக்காக அல்ல. எல்லோரும் பின்வாசலில் போகும்போது சல்யூட் அங்கேதானே வேண்டும்.

நஞ்சுண்டப்பா அந்தக் கூட்டத்துக்கு எப்போது வந்து பின்னால் நின்றார் என்று எனக்குத் தெரியாது. நான் கம்பெனி சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனி வேண்டாம் என்று பிரசங்கம் செய்ததை முழுக்கக் கேட்டிருக்கிறார். வண்டியில் ஏறிய பிறகுதான் பேசினார்.

"ராஜா, உனக்குச் சம்பளம் குடுக்கறது நானா, தேனீயா?"

"இதுவரைக்கும் ரெண்டு பேரும்தான் சார்" என்றேன். வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

மழை விழுந்த இரண்டாம் நாள் கோவிந்தன் போன் செய்தான். "காலி பண்ணிட்டு போயிட்டாங்கண்ணா. அட்வான்ஸ் கூட திருப்பிக் கேக்கல."

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டுப் பெங்களூரில் குடியிருந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை என் சொந்த நேரத்தில் போனேன். காலி அடையை அறுத்தேன். பிறகு, இத்தனை வருடம் தொட விடாத அந்த மெழுகுத் தழும்பை உளியால் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மேலே ஒரு கை சுண்ணாம்பும் பூசினேன். ஐந்தாம் மாடி பால்கனியில் நிறுத்திய ஏணியைக் கோவிந்தன் பிடித்துக்கொண்டான். இனி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வராது, நீ நிம்மதியாக உட்காரலாம் என்று ஏணி மேலிருந்து வாக்குக் கொடுத்தேன். உயரத்தில் நின்று பேசினால் மனிதனுக்குத் தன் சொல் மேல் நம்பிக்கை அதிகமாகிவிடுகிறது.

சுண்ணாம்பு பூசியது நஞ்சுண்டப்பாவுக்குத் தெரிந்தது. அதற்கும் அவர் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார். மறுநாளே என்னை ஓட்டல் சமையலறைக் கரப்பான் பிரிவுக்கு மாற்றினார், ராஜா என்று கூப்பிட்டுத்தான். ஓய்வு பெறும் வரை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தேன். உயர்ந்தவன் இறங்கிய கதை அது.

போன மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். புது மேனேஜர் திரையில் படம் காட்டினார். காட்டின் பெயர் வைத்த அதே அபார்ட்மெண்ட். எங்கள் கம்பெனி தேனீக்களைக் கொல்லாமல் காப்பாற்றிய முதல் இடம் என்று கீழே எழுதியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்படிக் காப்பாற்றியதற்கு எனக்குக் கரப்பான் கொடுத்தார்கள் என்பதை எந்தப் படத்திலும் போடவில்லை.

மனது கேட்கவில்லை. மறுநாளே பஸ் பிடித்தேன். கோவிந்தனைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. எதிரில் போய் நின்றால் அவன் எழுந்து கையைப் பிடித்துக்கொள்வான், நீங்க இல்லேன்னா நான் இல்லேண்ணா என்பான், அதெல்லாம் ஒன்றும் இல்லப்பா என்று நான் பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று, ஏறும் முன் மார்க்கெட்டில் ஒரு பை நிறைய வாங்கியிருந்தேன்.

முன்பக்கம் நின்று ஐந்தாம் மாடியைப் பார்த்தேன். நான் பூசிய சுண்ணாம்பு வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. ஒரு தேனீ இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போனேன்.

பின்வாசலுக்கு மேலே, நாலாம் மாடி சன்ஷேடுக்கு அடியில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று கூடுகள் தொங்கின. முன்பக்கம் ஆகாது என்று யாரோ சுண்ணாம்பு பூசிச் சொல்லிவிட்டதால், மரியாதை தெரிந்த ஜீவன்கள் பின்பக்கம் குடிவந்துவிட்டன. நேர் கீழே, முன்வாசலுக்குத் திரும்ப யாரும் தூக்கிப்போகாத கோவிந்தன் பெட்டி. அதே நாற்காலி. கதவு இன்னும் போடவில்லை. கொசுவலையைத் தானே வாங்கி நாலு பக்கமும் கட்டி, அதற்குள் உற்சவ மூர்த்தி மாதிரி உட்கார்ந்திருந்தான். உள்ளே போகிற கார்களுக்கு வலைக்குள்ளிருந்தே சல்யூட் அடித்தான்.

ரோட்டோரம் நின்று கோவிந்தா என்று கூப்பிட்டேன். அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்தது. வலையை விலக்கப் போன கை பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தான். என் கையிலிருந்த பையைப் பார்த்தான். பையின் வாயில் மஞ்சளாக ஏலக்கிச் சீப்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக நிமிர்ந்து மேலே பார்த்தான்.

"பழத்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சிட்டு வாங்கண்ணா."